அப்பளத்தார் அடித்த பேரிக்காய் நிறம்

சேர்வராயன் மலையிலேயே மிக மெதுவான மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு அப்பளத்தாருக்குத்தான். ஆனால் பரிசு வாங்க அவர் வரமாட்டார். அன்றைக்குப் பனிமூட்டமாக இருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். ஏற்காடு கடைவீதியில் யாருக்கும் அது தெரியாது. வாழவந்தி போகிற வழியில் ஒரு தகர ஷெட் போட்டுக்கொண்டு, ஜீப்புக்கும் வேனுக்கும் எஸ்டேட் லாரிக்கும் பெயிண்ட் அடிப்பவர். அப்பளத்தார் ஷெட் என்றால் பஸ் கண்டக்டரே விசில் கொடுத்து இறக்கிவிடுவார்.

பெயர் வந்த காரணம் இதுதான். ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால், காயும்போது மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். பட்ட பாடெல்லாம் வீண். ஏற்காட்டில் காற்று எப்போது ஈரமாக இருக்கும், எப்போது காயும் என்று அந்த மேகத்துக்கே தெரியாது. அதனால் அப்பளத்தார் தினமும் காலையில் ஷெட்டுக்குள் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஓர் அப்பளம் பொரிப்பார். அதை நூலில் கட்டி, வண்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார். பிறகு எதிர்க்கடையில் ஒரு டீ. திரும்பி வந்து அப்பளத்தைக் காதோரம் வைத்து உடைப்பார். நொறுக்கென்று சத்தம் வந்தால் அன்றைக்கு பெயிண்ட் உண்டு. நமத்துப்போய் வளைந்தால் கிடையாது. வளைந்த அப்பளத்தைச் சோகமாகத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மழைக்காலத்தில் மற்றவர்கள் இளைப்பார்கள், அப்பளத்தார் மட்டும் ஒரு சுற்று பெருப்பார்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. எந்த வண்டியானாலும் அது பிறந்தபோது இருந்த நிறத்தைத்தான் அடிப்பார். ஒரு லாட்ஜ் முதலாளி தன் ஜீப்புக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் ஜீப் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. அடியில் அதுதான் இருந்ததாம். முதலாளி குதித்தார். அப்பளத்தார் அவருடைய கருகரு முடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"மனுசனுக்கு மை அடிச்சுக்கலாமுங்க. முடி வளந்தா உண்மை வெளிய வந்துரும். வண்டிக்கு அப்படி வளராதுங்களே. அப்பறம் பொய் பொய்யாவே நின்னுபோயிரும்."

பொய் என்றால் அவருக்கு அவ்வளவு அலர்ஜி. "பெயிண்ட் எப்படி வந்திருக்கு?" என்று பெருமையோடு கேட்ட ஒருவரிடம், "பெயிண்ட் நல்லா இருக்குதுங்க, வண்டிதான் சுமார்" என்று சொன்னவர். இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் என் அக்காவின் காரைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

அக்காவை ஏற்காட்டில் எஸ்தர் டீச்சர் என்றால் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். எண்பதுகளில் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு சின்னக் கார் வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தானே ஓட்டிக்கொண்டு ஏறி இறங்கியவர். இரண்டே கதவு வைத்த கார் அது. கம்பெனிக்காரர்கள் அதைக் கொஞ்ச காலம் செய்துவிட்டு அப்புறம் நிறுத்திவிட்டார்கள். தகரமே கிடையாது, உடம்பு முழுக்க ஃபைபர். அக்கா அதை வாங்கியபோது நான் வேலை நிமித்தமாக ஒடிசாப் பக்கம் கிடந்தேன். லீவில் வந்து பார்த்தபோது அது நீல நிறம். அடுத்த முறை வந்தபோது மெரூன். பிறகு நானும் ரிடையராகி அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தபோது அது என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு வாசல் பலாமரத்திலிருந்து ஒரு பழம் அதன் கூரைமேல் விழுந்தது. தகரமாக இருந்தால் நசுங்கியிருக்கும். ஃபைபர் என்பதால் நட்சத்திரம் மாதிரி நாலாபக்கமும் விரிசல் விட்டது.

அக்காவுக்கு எழுபத்துநான்கு வயது. கண்ணில் பார்வை நடுவிலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. ஓரத்தில் தெரியும், நேரே பார்க்கும் இடத்தில் புகை. ஊசி போட்டுத் தள்ளிப்போடலாமே தவிர நிறுத்த முடியாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். நிறங்கள் இன்னும் எத்தனை நாள் தெரியும் என்று அக்கா கேட்டார். இந்த வருஷம் முடிகிறவரை இருந்தால் நல்லது என்றார் டாக்டர்.

திரும்பி வரும் வழியில், ஜீப்பில், அக்கா என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார்.

"அதுக்குள்ள வண்டிக்கு பெயிண்ட் அடிச்சுடணும்டா. வாங்கினப்போ இருந்த கலர். பேரிக்காய்ப் பச்சை. அதை நான் ஒருவாட்டி பார்த்துக்கணும்."

"சரிக்கா."

"அந்த அப்பளத்தாருகிட்ட என் கண்ணைப் பத்தி மூச்சு விடக் கூடாது. பரிதாபப்பட்டு அடிக்கிற பெயிண்ட் எனக்கு வேண்டாம்."

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அப்பளத்தார் காரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். அவரிடம் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கியது. வண்டியின் மேல் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகரம். ஒட்டாவிட்டால் அந்த இடம் அடிபட்டு, பட்டி வைத்து மெழுகியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை பேருடைய பொய்யை அந்தக் காந்தம் கண்டுபிடித்திருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

காந்தத்தை பானெட்டில் வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்துக் கதவில் வைத்தார். விழுந்தது. கூரை, டிக்கி, மட்கார்டு என்று எங்கே வைத்தாலும் விழுந்தது. ஒரு முழுச் சுற்று வந்துவிட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏனுங்க சார், இந்த வண்டி எத்தன தடவ உருண்டுச்சுங்க?"

"ஒரு தடவைகூட உருளலையே."

"சும்மா சொல்லாதீங்க. முழு வண்டியும் பட்டியா இருக்குதுங்க. வண்டினு ஒண்ணு உள்ளார இல்லவே இல்லீங்க. உங்கள யாரோ நொம்ப மோசமா ஏமாத்திப் போட்டாங்க."

வீட்டுக்குள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தார். "அது ஃபைபருங்க. மாடியில தண்ணித்தொட்டி இருக்குதில்ல, அந்த மாதிரி."

அப்பளத்தார் எழுந்து வந்து காரை விரலால் தட்டினார். மாடியில் இருந்த தொட்டியை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் தட்டினார். "தொட்டிக்கெல்லாம் நான் பெயிண்ட் அடிக்கறதில்லீங்க டீச்சரம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான்காம் நாள் அவரே திரும்பி வந்தார். அந்த மூன்று நாளும் எங்கே இருந்தார் தெரியுமா? ஏரிக்கரையில். அங்கே மிதிபடகுகள் எல்லாம் ஃபைபர். விரிசல் விட்ட படகைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தாராம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"இது வண்டி இல்லீங்க சார், சக்கரம் வெச்ச படகு" என்றார் தீர்மானமாக. "வைத்தியம் தெரிஞ்சு போச்சு. பெயிண்ட் உரிக்கற மருந்தை மட்டும் இதும்மேல வெக்கவே கூடாதாம். ஒடம்பையே கரைச்சுருமாம். கையாலதான் தேச்சு எடுக்கோணும்."

காரை ஷெட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்க்க ஆரம்பித்தார். முதல் வாரம் தண்ணீர் இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கண்ணாடி நார்த் தூள் காற்றில் பறந்தது. அவர் ஷெட்டைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் அரிப்பு எடுத்தது. டீக்கடைக்காரர் ஒரு கையால் டீ ஆற்றி, மறு கையால் முதுகைச் சொறிந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அரிப்பு எங்கள் வீடுவரை வந்து சேரவே, அக்கா ஆளனுப்பி, தண்ணீர் ஊற்றித் தேய்க்கச் சொன்னார்.

தண்ணீர் ஊற்றித் தேய்த்ததில் அரிப்பு நின்றது. ஆனால் தேய்த்த ஃபைபர் ஈரத்தைக் குடித்துவிடும் என்று ஏரிக்கரைக்காரர் எச்சரித்திருந்தார். உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே பெயிண்ட் அடித்தால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புமாம். ஆகவே ஓர் அப்பளம் போதாது என்று ஆகிவிட்டது. பானெட்டுக்குள் ஒன்று, டிக்கியில் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று, கூரைக்கு அடியில் இரண்டு என்று தொங்கின. ஐந்தும் நொறுங்கினால்தான் வேலை. நான் ஒரு நாள் போய் எட்டிப் பார்த்தபோது, பந்தி போடத் தயாராக இருக்கும் கார் போல இருந்தது.

நடுவில் நிறப் பிரச்சினை வேறு. பேரிக்காய் சீசன் அது. கடைவீதியில் ஒரு பழம் வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயிண்ட் கலந்து ஒரு தகரத் துண்டில் பூசிக் கொண்டுவந்தார். அதற்குள் பழம் பழுத்து மஞ்சளாகிவிட்டது. இன்னொன்று வாங்கினார். அதுவும் பழுத்தது. கடைசியில் அக்காவிடமே வந்து கேட்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்க வண்டி எத்தனாம் நாள் பேரிக்காயிங்க?"

அக்கா யோசிக்கவே இல்லை. "பறிச்ச மறுநாள். காலைல, வெயில் வர்றதுக்கு முன்னாடி."

அடுத்த நாள் விடிந்ததும் ஒரு கிளையோடு பழத்தை வைத்துக்கொண்டு கலந்து எடுத்து வந்த தகரத் துண்டை, அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்து, "இதேதான்" என்றார். அப்பளத்தார் அதைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார். "அடியில பாத்து ஒப்பிட்டுட்டு அடிச்சுப்போடறனுங்க" என்றார். அக்கா அந்தப் பழத்தை வாங்கி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஷெட்டிலிருந்து போன் வந்தது. உடனே வர வேண்டும், தனியாக வர வேண்டும் என்றார். போனேன். காருக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"சார், மேல மெரூன். அதுக்கடியில நீலம். அதுக்கடியில பாத்தா வெள்ளைங்க. வெறும் வெள்ளை. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால பாத்தேன், கதவு ரப்பரைத் தூக்கிப் பாத்தேன், பெட்ரோல் மூடிக்குள்ளார பாத்தேன். எங்கயுமே பேரிக்காய் இல்லீங்க. இது வெள்ளையாவே பொறந்த வண்டி. டீச்சரம்மா மறந்துட்டாங்களா, இல்ல..."

அந்த 'இல்ல'வுக்கு அப்புறம் வரவேண்டிய வார்த்தையை அவரால் டீச்சரைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. கண்தான் போகிறது என்று நினைத்திருந்தேன். நினைவும் போகிறதா? கணக்கு டீச்சர், பதினாறாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவர், தன் சொந்தக் காரின் நிறத்தை மறந்துவிட்டாரா?

"நாளைக்கு ஊட்டுக்கு வந்து சொல்லிப்போடறேன். வெள்ளைதான் அடிப்பேன்னு" என்றார் அப்பளத்தார்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கை அப்போது மீறினேன். கண் விஷயத்தை முழுவதும் சொன்னேன். அப்பளத்தார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்டியரிங்கில் தொங்கிய அப்பளத்தை அவிழ்த்து, உடைத்துப் பார்க்காமலே தின்றார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பளத்தார் பலாமரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"டீச்சரம்மா, அடியில பாத்துட்டனுங்க. பேரிக்காயேதானுங்க. நீங்க சொன்னது சரி."

"அப்படியா" என்றார் அக்கா. "நல்லதுங்க."

அப்பளத்தார் விடுவிடுவென்று கேட்டைத் தாண்டி வெளியே போனார். பின்னாலேயே நான் ஓடினேன். காது இரண்டும் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தன. "எனக்கு இது மொதப் பொய்ங்க சார்" என்றார். "நெஞ்சு படபடங்குது. ஒரு டீ சொல்லுங்க."

டீயோடு தீர்ந்துவிடவில்லை. கூரையில் இருந்த நட்சத்திர விரிசலின் ஒவ்வொரு கோட்டையும் கீறி அகலப்படுத்தி, கண்ணாடி நார்ப் பாயும் பிசினும் வைத்து அடைத்தார். ஊசித் துளைகளைத் தேடித் தேடிப் பட்டி பூசினார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கார் முழுவதையும் தடவிப் பார்ப்பார். மேடு தட்டினால் மறுபடி தேய்ப்பு. சாம்பல் நிற பிரைமர் அடித்து முடித்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. பனி இறங்கிவிட்டது.

அப்புறம் ஐந்து அப்பளமும் ஐந்து வாரம் நமத்தன. எதிரில் நிற்கும் டீக்கடை தெரியவில்லை. அப்பளத்தார் தினமும் பொரித்தார், தொங்கவிட்டார், தின்றார். வீட்டில் அக்கா மருந்துச் சீட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோய், அப்படியும் படிக்க முடியாமல் கீழே வைத்தார். ஒரு நாள் தன் பச்சைப் புடவையை எடுத்து, "இது நீலமாடா?" என்று என்னைக் கேட்டார். நேரே ஷெட்டுக்குப் போனேன்.

"இன்னைக்கு ஒருநாள் அப்பளத்தைப் பார்க்காம அடிச்சுடுங்களேன்."

"அடிச்சா பூத்துரும்ங்க. அப்பறம் டீச்சரம்மா பாக்கறது பேரிக்காயா இருக்காது, பூசணம் புடிச்ச பேரிக்காயா இருக்கும்." கொஞ்ச நேரம் பனியையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க சார், கீழ அடிவாரத்துல வெயிலுங்களா?"

இதன் பொருள் என்னவென்று தெரிய வேண்டுமானால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பளத்தார் மலையை விட்டுக் கீழே இறங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கொண்டை ஊசி வளைவு அவருக்கு ஆகாது. முதல் வளைவிலேயே குடலைப் புரட்டும். சொந்தத் தங்கை மகள் கல்யாணம் சேலத்தில் நடந்தபோதுகூட, வாழ்த்தை போனில் சொல்லிவிட்டு ஷெட்டிலேயே இருந்துகொண்டவர்.

மறுநாள் காலை நான் காரை ஓட்டினேன். பம்பர் இல்லை, உள் அலங்காரம் இல்லை, முழுக்கச் சாம்பல். பின்னால் கம்ப்ரசரும் ஸ்டவ்வும். முன் சீட்டில் அப்பளத்தார், மடியில் பேரிக்காய்ப் பச்சை டின், அதன்மேல் அப்பளக் கட்டு. மேலிருந்து முதல் வளைவு வந்ததும் என் தோளைத் தட்டினார்.

"நிறுத்துங்க சார். எறங்கிக்கறேன்."

"ஏன், வேண்டாமா?"

"வளைவை மட்டும் நான் நடந்துக்கறனுங்க. நேர் ரோட்டுல ஏறிக்கறேன்."

இருபது வளைவு. இருபது தடவை இறங்கி, டின்னை மார்போடு அணைத்தபடி நடந்து, ஏறிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு காய்கறி லாரியும் சேர்ந்துவிட்டன. ஹாரன் காதைக் கிழித்தது. குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. பத்தாவது வளைவில் பஸ் டிரைவர் தலையை நீட்டி, "என்னங்க, வேண்டுதலா?" என்று கேட்டார். அப்பளத்தார் நடந்துகொண்டே, "ஆமாங்க" என்றார். அவருடைய இரண்டாவது பொய் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் அது பொய்யாகவும் தோன்றவில்லை.

அடிவாரத்தில் என் நண்பர் ஒருவரின் லாரி ஷெட் காலியாக இருந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்ததும் அப்பளத்தார் ஐந்து அப்பளத்தையும் தொங்கவிட்டார். ஒரு டீ. முதலாவது நொறுங்கியது. இரண்டாவது நொறுங்கியது. ஐந்தும் நொறுங்கின. நம்பாமல் இன்னொன்று பொரித்து, மதியம்வரை வைத்திருந்து உடைத்தார். அதுவும் நொறுங்கியது. அவர் முகத்தில் கவலை படர்ந்தது.

"இங்க தெனமும் இப்படித்தானுங்களா?"

"பெரும்பாலும்."

"அப்ப இந்த ஊரு பெயிண்டருங்க எப்பத்தான் லீவு போடுவாங்க?"

எட்டு நாள் அங்கேயே தங்கினார். நடுநடுவே போனில் அப்பள நிலவரம் சொல்வார். எட்டாம் நாள், "டீச்சரம்மாவைக் கூட்டிட்டு வாங்க. வெயில் நல்லா இருக்கறப்பவே வாங்க" என்றார்.

புறப்படுவதற்கு முன் எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமையாளர் கையெழுத்து வேண்டும். ஆர்.சி. புத்தகத்தை அன்றுதான் முதல்முறையாகத் திறந்தேன். நிறம்: வெள்ளை. விண்ணப்பத்தை நிரப்பி அக்காவிடம் நீட்டி, "இன்சூரன்ஸ் பேப்பர்க்கா, இங்க ஒரு கையெழுத்து" என்றேன். எப்படியும் படிக்க முடியாது என்ற தைரியம்தான்.

அக்கா மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். தாளை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், ஓரமாக, காதுப் பக்கம் கொண்டுபோனார். அட்டெண்டன்ஸ் வாசிக்கிற குரலில் படித்தார்.

"பழைய நிறம், வெள்ளை. புதிய நிறம், இளம்பச்சை." கண்ணாடியைக் கீழே வைத்தார். "இன்சூரன்ஸ்காரனுக்கு இது எதுக்குடா?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வெள்ளைன்னு எனக்குத் தெரியாதா? சாவி வாங்கினவ நான். அன்னைக்குக் கடையில வெள்ளைதான் இருந்துச்சு. பேரிக்காய்ப் பச்சை வேணும்னா ஆறு மாசம் காத்திருக்கணும்னாங்க. பொம்பளப் பிள்ளை கார் வாங்குறதே பெருசு, இதுல கலர் வேறயான்னு அப்பா சொன்னாரு. சரின்னு எடுத்துட்டேன். அப்புறம் அடிச்சுக்கலாம்னு நினைச்சேன். ஒருவாட்டி மெக்கானிக் சொன்னான்னு நீலம். இன்னொருவாட்டி அழுக்குத் தெரியாதுன்னு மெரூன். எனக்குப் பிடிச்சதை மட்டும் நான் அடிக்கவே இல்லடா."

"அப்ப அப்பளத்தாருகிட்ட..."

"நேரா கேட்டா அந்தாளு அடிப்பாரா? வெள்ளையைத்தான் அடிப்பாரு. அதான் பிறந்த கலரே பச்சைன்னு சொன்னேன்."

அக்காவின் நினைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதமாக என் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. ஆனால் ஒன்று புரியவில்லை. "அடியில பேரிக்காய்தான்னு அவரு வந்து சொன்னாரே, அப்போ?"

அக்கா சிரித்தார். "பலாமரத்தைப் பார்த்துச் சொன்னாரு. வீட்டுப்பாடம் ஏன் எழுதலைன்னு முப்பத்தாறு வருஷம் கேட்டவ நான். பொய் சொல்ற முகம் எனக்குத் தெரியாதா? உன் முகமும்தான். என் கண்ணைப் பத்திச் சொல்லிட்ட, இல்ல?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போகட்டும். ஆனா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம். ரொம்ப நேர்மையான மனுசன். தாங்க மாட்டாரு." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்றுவரை நான் மூச்சு விடவில்லை. அப்பளத்தார் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை, பெயிண்ட் படக் கூடாத இடத்தில் ஒட்டி மறைக்கத்தான் கிழிப்பார் என்கிற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அடிவாரத்தில் காரை ஷெட்டுக்கு வெளியே, வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார். பறித்த மறுநாள் பேரிக்காயேதான். கூரையில் நட்சத்திரம் இருந்த இடத்தை எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பளத்தார் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கைகட்டி நின்றார்.

அக்கா காரின் முன்னால் வந்து நின்றார். அதைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பி, சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் அப்படியே நின்றார். அப்பளத்தார் கட்டிய கையை அவிழ்த்தார்.

"புடிக்கலீங்களா டீச்சரம்மா?"

"நேரா பார்த்தா நடுவுல புகைங்க" என்றார் அக்கா, முகத்தைத் திருப்பாமலே. "ஓரக்கண்ணாலதான் தெரியுது. இப்பத் தெரியுது. நல்லாத் தெரியுது."

அக்காவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கையை நீட்டி பானெட்டைத் தொட்டார். ஒரு மேடு பள்ளம் இல்லாமல் உள்ளங்கை கதவுவரை போய் வந்தது.

"இதேதாங்க. வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு."

"பொறந்த நெறமுங்க" என்றார் அப்பளத்தார், வாகான பலாமரம் எதுவும் அங்கே இல்லாததால் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி. "அடியில பாத்துக் கலந்ததுங்க."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டயரைப் பார்த்தேன். அக்காவின் அந்த வெயில் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அக்காவுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகின்றன. கார் வாசலில் நிற்கிறது, பலாமரத்தடியில் இல்லை. மாதம் ஒருமுறை அப்பளத்தார் வந்துவிடுவார். பெயிண்ட் ஈரம் தாங்குகிறதா என்று பார்க்கவாம். பொரித்த அப்பளம் ஒன்றை காருக்குள் தொங்கவிட்டுவிட்டு, அக்காவோடு உட்கார்ந்து டீ குடிப்பார். பிறகு அதை அவிழ்த்து அக்கா கையில் கொடுப்பார். உடைத்துப் பார்த்துச் சொல்வது இப்போது அக்காவின் வேலை.

போன வாரம் வந்திருந்தார். கை நீட்டினால் விரல் தெரியாத பனி. அக்கா அப்பளத்தைக் காதோரம் வைத்து உடைத்தார். அது உடையவில்லை, துணி மாதிரி மடிந்தது.

"எப்படிங்க டீச்சரம்மா?"

"மொறுமொறுன்னு இருக்குங்க" என்றார் அக்கா. "இன்னும் ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க."

அப்பளத்தார் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். என்னிடமும் ஒன்றை நீட்டினார். நமத்த அப்பளத்தை நான் தொடக்கூட மாட்டேன். அன்றைக்கு மெல்ல மென்று தின்றேன், இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.